வேலை முடிந்த பிறகும் கம்பெனி வண்டியின் ஜிபிஎஸ் ஓடலாமா?

கொருக்குப்பேட்டை வேன்:

மாதவரத்தில் ஒரு கம்பெனியில் லிஃப்ட் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். கம்பெனி கொடுத்த சின்ன வேனை இரவில் வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவேன். நடுராத்திரி எங்காவது லிஃப்ட் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் உடனே ஓட வேண்டும், அதற்காக அவர்களே செய்த ஏற்பாடு. சொந்த வேலைக்கு எடுத்தால் டீசல் உன்னுடையது என்று சேரும்போதே சொன்னார்கள். அப்படித்தான் நடக்கிறது.

சமீபத்தில் வண்டியில் ஜிபிஎஸ் மாட்டினார்கள். மாட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் எல்லோரும் நிற்கும்போது சூப்பர்வைசர் கேட்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை வண்டி ரொம்ப நேரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் நின்றிருக்கே, யாருக்கு என்ன?" வீட்டில் ஒருவருக்கு இருக்கும் நோயைப் பற்றி நான் வேலையிடத்தில் யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. வண்டி சும்மா நின்ற நேரத்தைக் கணக்குப் போட்டு இனிமேல் சம்பளத்தில் பிடிப்பார்களாம். இதெல்லாம் சட்டப்படி சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாத்தங்காடு ஓனர்:

தம்பி, உங்களுக்கு நடந்தது சரியில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பத்துப் பேர் முன்னால் கேட்பது மனிதத்தனம் இல்லை.

ஆனால் வண்டி வைத்திருப்பவன் பக்கத்தையும் கேளுங்கள். என்னிடம் சில டிரெய்லர்கள் ஓடுகின்றன. கடன் என் பெயரில், இன்சூரன்ஸ் என் பெயரில். வண்டி எங்காவது இடித்து ஒரு உயிர் போனால், அன்று ஞாயிறா திங்களா என்று கோர்ட் பார்க்காது, நோட்டீஸ் ஓனருக்குத்தான் வரும். டீசல் திருட்டு இந்தத் தொழிலில் எவ்வளவு என்று எண்ணூர் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கன்டெய்னர் லோடு கொடுக்கிற பெட்டிக்காரன் மணிக்கு ஒரு தடவை போன் போட்டு "எங்கே இருக்கு" என்கிறான். ஜிபிஎஸ் இல்லாமல் இன்றைக்கு லோடே கிடைக்காது. லீவு நாளில் அணைத்து வைத்து, அன்றைக்கே வண்டி திருடு போனால் யார் பதில் சொல்வது?

எர்ணாவூர்:

தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்பது என் கருத்து. வண்டி அவர்களுடையது, பார்க்கிறார்கள்.

மணலி டிரெய்லர்:

எர்ணாவூர் அண்ணே, தப்பே செய்யாமல் சம்பளம் போன கதையைச் சொல்கிறேன்.

துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை பிடித்தால் துறைமுக வாசலான ஜீரோ கேட் போய்ச் சேரும் வரைக்கும் நம் கையில் எதுவும் இல்லை. முன்னால் வண்டி நாலு அடி நகர்ந்தால் நாமும் நாலு அடி. எஞ்சினை அணைத்தால் இடத்தைப் பிடித்துக்கொள்வான். அதனால் ஓடவிட்டபடி உட்கார்ந்திருப்போம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஸ்டியரிங் மேலேயே. கம்பெனி ரிப்போர்ட்டில் இது எப்படி வருகிறது தெரியுமா? சாவி ஆன், வேகம் பூஜ்யம், ஆகவே "டிரைவர் வண்டியைச் சும்மா ஓடவிட்டு டீசலை வீணாக்கினார்."

ஒரு மாதம் என் பத்தாவில், அதாவது தினப்படியில், கை வைத்தார்கள். நான் வரிசையில் நின்ற இடத்தை அதே ஜிபிஎஸ் காட்டுகிறதே, பாருங்கள் சார் என்றேன். "சிஸ்டம் சொல்வதுதான்" என்று முடித்துவிட்டார்கள். என் கோபம் மெஷின் மேல் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பு எழுதுகிறவர்கள் மேல்தான்.

ஒயரிங் மாதவரம்:

இந்தக் கருவிகளை மாட்டுகிறவன் நான். மணலி அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன டப்பாவில் ஒரு சிம், ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு குட்டி பேட்டரி. பேட்டரி ஒயர் ஒன்று, சாவி போட்டால் உயிர் வரும் ஒயர் ஒன்று. சாவி ஒயரில் கரண்ட் இருந்து வேகம் இல்லையென்றால் சும்மா ஓடுகிறது என்று பதிவு செய்யும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கேட் மூடியிருக்கிறதா, போலீஸ் நிறுத்தினாரா, ஏசி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மருந்து கெட்டுப்போகுமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. நம்ம ஊரில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஒன்று போதும், ஒரு நாள் ரிப்போர்ட்டையே கெடுத்துவிடும்.

இடம் காட்டுவதிலும் பிசகு உண்டு. வெட்டவெளியில் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும். பெட்டிகளை அடுக்கி வைத்த யார்டுக்குள்ளோ, திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ பாலத்துக்குக் கீழேயோ சிக்னல் இரும்பிலும் கான்கிரீட்டிலும் பட்டுத் திரும்பி வரும். நின்ற வண்டி அடுத்த தெருவுக்குத் தாவியதாகக் காட்டும். அந்தத் தாவலையும் சாஃப்ட்வேர் தூரத்தில் சேர்த்துவிடும். மேப்பில் புள்ளி பார்த்தே "நீ டாஸ்மாக் வாசலில் நின்றாய்" என்று சண்டை போட்ட முதலாளியை எனக்குத் தெரியும். வண்டி எதிர்ப்பக்கம் பஞ்சர் கடையில் நின்றது.

சாத்தங்காடு ஓனர் சார், உங்கள் திருட்டுக் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. டப்பாவை அணைக்கத் தேவையே இல்லை. வேலை நேர அட்டவணை என்று ஒரு செட்டிங் பல சாஃப்ட்வேரில் இருக்கும். டூட்டி முடிந்த பிறகு டப்பா ஓடும், ஆனால் இடம் திரையில் தெரியாது. வண்டியை இழுத்துக்கொண்டு போனாலோ, ஒயரைப் பிடுங்கினாலோ, நீங்கள் போட்ட எல்லையைத் தாண்டினாலோ மட்டும் எச்சரிக்கை வரும். சில கருவிகளில் டிரைவர் அழுத்தும் சுவிட்சே வைக்கலாம். நான் மாட்டும்போது கேட்கிற முதலாளிகள் மிகக் குறைவு. கேட்டால் செய்து கொடுப்பேன்.

டிஸ்பாட்ச் மேசை:

நான் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். மாதவரம் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன், எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று அனுப்பும் வேலை. எர்ணாவூர் அண்ணனுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் டிரைவர்கள் யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், வண்டி தினமும் எங்கே ஓய்கிறதோ அதுதான் வீடு. யார் வெள்ளிக்கிழமை எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறார், யார் ஞாயிற்றுக்கிழமை எந்தச் சர்ச்சுக்குப் போகிறார், யார் அடகுக் கடை வாசலில் அடிக்கடி நிற்கிறார், யாருக்கு இரண்டாவதாக ஒரு வீடு இருக்கிறது, எல்லாம் தெரியும். நான் தேடிப் பார்த்ததில்லை. சும்மா திரையைத் திறந்து வைத்தாலே தெரிகிறது. ஒரு நாளின் புள்ளி ஒன்றும் சொல்லாது, சில மாதத்துப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆளின் மொத்த வாழ்க்கையும் அதில் இருக்கிறது. இவர்களில் யார் என்ன தப்பு செய்தார்கள்? கடன் வாங்குவது தப்பா, சாமி கும்பிடுவது தப்பா?

அதைவிட மோசமானது ஒன்று. போன வருடம் டிரைவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம் போட்டார்கள். மறுநாள் மேலே இருந்து ஒருவர் வந்து, அந்த மண்டபத்தைச் சுற்றி அன்று சாயங்காலம் நின்ற வண்டிகளின் பட்டியலை எடு என்றார். மேப்பில் ஒரு வட்டம் போட்டால் முடிந்தது, ஒரு நிமிட வேலை. எழுத்தில் கொடுங்கள் சார், எடுக்கிறேன் என்றேன். எழுதித் தர அவர் தயாராக இல்லை, போய்விட்டார். ஆனால் பாஸ்வேர்டு அவரிடமும் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் அந்த ஒரே பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

அதனால் "கம்பெனி பார்க்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம், பார்த்ததற்கு ஒரு பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் டிரைவர்களில் பெண்கள் இல்லை. ஆனால் வீடு வீடாகச் சாம்பிள் எடுக்கப் போகும் லேப் பெண்களுக்கும் இதே மாதிரிக் கருவிதான், கம்பெனி ஸ்கூட்டரில். அவர்கள் வீடு எங்கே என்று ஆபீஸில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால், யோசித்துப் பாருங்கள்.

பெரம்பூர் நைட் ஷிஃப்ட்:

அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எனக்கு ஜிபிஎஸ் வேண்டும். இரவு ஒரு மணிக்குக் கம்பெனி கேப்பில் தனியாக வருகிறவள் நான். வண்டி வழி மாறினால் யாரோ ஒருவருக்குத் தெரிகிறது என்பதுதான் அம்மாவுக்குத் தூக்கம் தருகிறது.

ஒயரிங் மாதவரம்:

தங்கச்சி, உங்கள் கேப் விஷயமே வேறு. அது அரசாங்கமே கட்டாயம் ஆக்கியது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்று 2016-ல் சேர்த்தார்கள். பொதுப் பயணிகள் வாகனத்தில் இடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வண்டிகளுக்கு இது நடைமுறை. ஏஐஎஸ் 140 என்று சொல்வோமே, அதுதான். ஆட்டோவுக்கும் பைக்குக்கும் விலக்கு உண்டு. பயணியின் உயிருக்காக வந்த விதி அது. கொருக்குப்பேட்டை தம்பியின் வேனுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, கம்பெனி தன் விருப்பத்துக்கு மாட்டியது.

ராயபுரம் ஜூனியர்:

கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் அடிப்படை உரிமை முதலில் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. தனியார் கம்பெனி சூப்பர்வைசர் முன்னால் அதை நீட்டினால் உடனே வேலை நடக்காது.

அடுத்தது 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் கம்பெனிகளைக் கட்டும். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பலர் தவறாக நம்புகிறார்கள், நம் சம்மதம் இல்லாமல் எதுவும் எடுக்க முடியாது என்று. ஏழாவது பிரிவைப் படியுங்கள். வேலை தொடர்பான நோக்கத்துக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று இருக்கிறது. அதைவிட வலிப்பது, என் தரவைக் காட்டு என்று கேட்கும் உரிமையைச் சட்டம் சம்மதத்தோடு கட்டி வைத்திருக்கிறது. சம்மதமே கேட்காமல் எடுத்த தரவுக்கு அந்த உரிமை சரியாக ஒட்டாது. தொழிலாளிக்கு இதில் பெரிய ஓட்டை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இருந்தாலும் கையில் பிடிக்க இரண்டு கொம்பு இருக்கிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்க அவருடைய தரவைப் பயன்படுத்தினால், அது முழுமையாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்று எட்டாவது பிரிவு சொல்கிறது. ஒயரிங் அண்ணன் சொன்ன தாவும் புள்ளிகளை வைத்துச் சம்பளம் வெட்டினால் இது பேசும். நோக்கம் முடிந்த பிறகு அழிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவது எந்த வகையில் "வேலை நோக்கம்"? அங்கே கம்பெனி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிடித்தம் விஷயத்தில் இன்றைக்கே பலம் உங்கள் பக்கம்தான். ஊதியச் சட்டத்தொகுப்பு 2019, கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அபராதம் போட வேண்டுமென்றால் எந்தெந்தச் செயலுக்கு என்று முன்கூட்டியே அனுமதி வாங்கி அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வசூலித்ததைப் பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும், முதலாளி பையில் போடக் கூடாது. இது புதிதாக வந்ததும் இல்லை, 1936-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே இருக்கிறது.

மணலி டிரெய்லர்:

3 சதவீதமா? எங்கள் யார்டில் யாருக்கும் இது தெரியாது. நன்றி தம்பி. பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறேன்.

எண்ணூர் தோழர்:

ஜிபிஎஸ்ஸை ஒழி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ரிப்போர்ட் நமக்கும் வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்று அதில் எழுதியிருந்தது. இப்போது அது 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனாலும் எட்டு மணி நேரமும் இரட்டிப்பும் போகவில்லை. இத்தனை வருடம் ஏன் கிடைக்கவில்லை? நிரூபிக்க முடியவில்லை. டிரிப் ஷீட்டில் அவர்கள் எழுதியதுதான் நேரம். இன்றைக்கு வண்டி யார்டை விட்டுக் கிளம்பிய நிமிடமும், திரும்பி வந்த நிமிடமும், நடுவில் எங்கேயும் அரை மணி கூட நிற்கவில்லை என்பதும் கம்பெனி சர்வரிலேயே இருக்கிறது. நம்மைப் பிடிக்க ரிப்போர்ட் எடுக்கிறவர்கள், ஓவர்டைம் கேட்டால் "டேட்டா மூன்று மாதத்துக்கு மேல் இருக்காது" என்கிறார்கள். இந்த ஒருதலைப்பட்சம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மாதா மாதம் டிரைவர் கையில் அவர் வண்டியின் ரிப்போர்ட் நகல் வர வேண்டும். இதை நான் முதல் கோரிக்கையாக வைப்பேன், மற்றதெல்லாம் பின்னால்.

சாத்தங்காடு ஓனர்:

தோழர், ஓவர்டைம் கணக்கு என்றதும் எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்குகிறது, மறைக்கவில்லை. சின்ன ஓனருக்குப் பெட்டிக்காரன் வரிசையில் நின்ற நேரத்துக்குப் பணம் தருவதில்லை. அவனிடம் வாங்க முடியாததை டிரைவரிடம் பிடிக்கிறார்கள், அதுதான் உண்மை. ஆனால் நகல் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வியாசர்பாடி வாசகர்:

வெளிநாட்டில் இது கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது, இரண்டைச் சொல்கிறேன்.

நியூயார்க் மாநிலத் தொழிலாளர் துறையில் ஒரு ஊழியர் வேலை நேரத்தில் ஏமாற்றுகிறார் என்று சந்தேகித்து, அவருடைய சொந்தக் காரில் ரகசியமாக ஜிபிஎஸ் ஒட்டினார்கள். 2013-ல் அந்த மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கண்காணிப்பு வரம்பு மீறியது என்றது. இரவு, வார விடுமுறை, குடும்பத்தோடு வெளியூர் போன நாள்கள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள் என்பதுதான் காரணம். வேலை நேரத்தைப் பார்ப்பதற்கு அது தேவையில்லையே.

இன்னொன்று போர்ச்சுகல். மருந்துக் கம்பெனி பிரதிநிதி, கம்பெனி கார், சொந்த உபயோகத்துக்கும் அனுமதி உண்டு. நம் கொருக்குப்பேட்டை நண்பரின் நிலைமைதான். கிலோமீட்டர் கணக்கில் குளறுபடி என்று வேலையை விட்டு நீக்கினார்கள். 2022 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, நாலுக்கு மூன்று என்ற கணக்கில். ஆனால் காரணத்தைப் பாருங்கள். வேலை நேரத்தைக் கண்காணித்த ஜிபிஎஸ் விவரத்தை உள்ளூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுக்கிவிட்டு, ஓடிய தூரத்தை மட்டும்தான் ஏற்றிருந்தது. அதனால்தான் ஐரோப்பிய நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. தூரம் வேறு, எங்கே போனான் என்பது வேறு.

பிரான்சில் இன்னும் தெளிவு. வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரே கருவியை நிறுத்த வழி இருக்க வேண்டும், பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது.

எர்ணாவூர்:

வண்டி கம்பெனியுடையது என்பதை மட்டும் நான் விடமாட்டேன்.

டிஸ்பாட்ச் மேசை:

விட வேண்டாம் அண்ணா. வீடு வீட்டு ஓனருடையதுதான், அதற்காகக் குடியிருப்பவர் வீட்டுக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியுமா? வண்டி எங்கே என்று கேட்கட்டும். உள்ளே இருக்கும் ஆள் வேலை முடிந்த பிறகு எங்கே என்று கேட்க அவர்களுக்கு என்ன தேவை?

எர்ணாவூர்:

ஆஸ்பத்திரி விஷயத்தில் சரி. திருட்டு விஷயத்தில் ஓனர் சொல்வதும் சரி. ஒயரிங் நண்பர் சொன்ன செட்டிங் இருந்தால் இரண்டும் தீருகிறதே, அப்படியானால் எனக்கு மறுப்பு இல்லை.

கொருக்குப்பேட்டை வேன்:

எல்லோருக்கும் நன்றி. சண்டை போட எனக்குத் தெம்பில்லை, வேலையும் வேண்டும். கடிதமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என்னென்ன கேட்கலாம்?

ராயபுரம் ஜூனியர்:

தனியாகக் கொடுக்காதீர்கள். உங்களோடு வேன் ஓட்டும் மற்றவர்களும் கையெழுத்துப் போடட்டும், ஒருவரைக் குறிவைக்க முடியாது. குற்றச்சாட்டு மொழி வேண்டாம், கேள்வியாகவே எழுதுங்கள். என்ன பதிவாகிறது, யார் யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நாள் வைக்கிறீர்கள், டூட்டி முடிந்த பிறகு ஏன் தெரிகிறது, பிடித்தத்துக்கான அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி சம்பவத்தை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம், அது உங்கள் குடும்ப விஷயத்தை மறுபடி காகிதத்தில் ஏற்றும். பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபால்.

எண்ணூர் தோழர்:

ரிப்போர்ட் நகல் கேட்பதை விட்டுவிடாதீர்கள் தம்பி. பிடித்தம் வந்தால் தொழிலாளர் துறைக்குப் போகலாம், அப்போது அந்த ரிப்போர்ட் இல்லாமல் வாதாட முடியாது. அதுவரைக்கும் கிளம்பிய நேரம், முடித்த நேரம், நின்ற காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள்.

சாத்தங்காடு ஓனர்:

ஒயரிங் மாதவரம், அந்த அட்டவணை செட்டிங்கை என் வண்டிகளுக்கும் போட முடியுமா? டிரைவர்கள் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, ஆனால் கேபினிலேயே தூங்குகிறார்கள். ஓய்வு நேரம் என்று தனியாகக் குறிக்க வழி உண்டா?

ஒயரிங் மாதவரம்:

உண்டு சார். சுவிட்ச் வைத்தால் டிரைவர் அழுத்தியதும் ஓய்வு என்று பதிவாகும். உங்களிடம் எந்தக் கருவி இருக்கிறது, சாஃப்ட்வேர் யாருடையது என்று பார்த்து வையுங்கள். பழையது என்றால் கூடுதலாக ஒரு ஒயர் இழுக்க வேண்டும், மற்றபடி டப்பாவை மாற்ற வேண்டியதில்லை. வண்டி யார்டில் நிற்கும்போது வந்து பார்க்கிறேன்.